சிக்கெடுத்துப் பழகிய கைக்கு

கண்ணு,

கோபம் தீர்ந்த பிறகு படிக்கலாம் என்று இதை மடித்து வைத்துவிடாதே. சனிக்கிழமைக்குள் படித்துவிடு. சனிக்கிழமை நீ அந்தப் புது இடத்துக்கு ரயில் ஏறப்போகிறாய் என்று உன் தங்கை சொன்னாள். நான் துருவிக் கேட்டு அவள் சொல்லவில்லை. நீ சொன்னதை அவளால் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான். அவளைத் திட்டாதே. என் போனை நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் "ம்" என்கிறாய். பழவேற்காடு மீன் மார்க்கெட்டில் நாலு பேர் சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டுப் பிழைத்தவள் நான். "ம்" என்று சொல்லுகிறவனோடு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். மகளிர் குழுவுக்காகத் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதி எழுதிப் பழகிவிட்டது, கொஞ்சம் நீளமாகத்தான் போகும். பொறுத்துக்கொள்.

இதை உன் பாராசூட் மைதானத்துப் பிள்ளைகள் படித்தாலும் எனக்கு வெட்கம் இல்லை. உங்களுக்கு வகுப்பு எடுக்கிற பிரமிளா மேடம் கேட்டால் கொடு, வகுப்பில் உரக்கப் படித்தாலும் படிக்கட்டும். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் உன் அம்மா வாயைத் திறந்ததை எல்லாரும் கேட்டார்கள். ஏன் திறந்தாள் என்பதையும் கேட்டுக்கொள்ளட்டும். அவர்களுக்கும் அம்மா அப்பா இருக்கிறார்கள், அவர்களுடைய கைகளுக்கும் ஏதாவது பழக்கம் இருக்கும்.

நம் லைட்ஹவுஸ் குப்பத்தில் பிள்ளைகள் கடலுக்குப் போவார்கள், மீஞ்சூருக்குக் கம்பெனி வேலைக்குப் போவார்கள், கொஞ்சம் கூடப் படித்தால் சென்னைக்குப் போவார்கள். வானத்திலிருந்து குதிக்கிற வேலைக்குப் போனவன் நீ ஒருத்தன்தான். அதுவும் நீ குதிக்கப் போகவில்லை, மடிக்கப் போனாய். உன்னோடு ஐ.டி.ஐ. படித்தவன் ஒருத்தன், வெளி மாநிலத்தில் பாராசூட் மடிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டான். நீ போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அங்கே இருந்தவர்கள் அசந்துபோனார்களாம். குதித்து இறங்கி வருகிறவர்கள் நூலும் துணியுமாக அள்ளிக்கொண்டு வந்து போடுகிற மூட்டையை நீ தொட்டால் நூல் தனி, துணி தனி என்று பிரிந்துவிடுமாம். "அம்மா, இது நம்ம நண்டு வலைதாம்மா. இன்னும் ஈசி. இதுல நண்டு கடிக்காது" என்று போனில் சொன்னாய். உன் நைனாவிடம் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும். பிறகு அவர்களே உனக்குக் குதிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். லைசென்ஸ் வாங்கினாய். தலையில் கேமரா மாட்டிக்கொண்டு, சுற்றுலாவாகக் குதிக்க வருகிறவர்களை வானத்திலேயே படம் பிடிக்கிற ஆளாகிவிட்டாய். அந்தப் படங்களை நான் மார்க்கெட்டில் காட்டாத ஆள் இல்லை. காட்டும்போது நான் மட்டும் பாதிக் கண்ணை மூடிக்கொள்வேன், அது வேறு விஷயம்.

மழை முடிந்து மைதானம் திறப்பதற்கு முன்னால் வருஷா வருஷம் ஒரு வகுப்பு நடக்கும், எத்தனை தடவை குதித்தவனாக இருந்தாலும் அதில் உட்கார்ந்து பழசையெல்லாம் திரும்பச் செய்து காட்டினால்தான் மேலே ஏற்றுவார்கள், வீட்டிலிருந்து ஒருத்தரை அழைத்து வரலாம் என்று நீதான் சொன்னாய். நீதான் டிக்கெட் போட்டாய். என் பிள்ளை வானத்திலிருந்து இறங்கி வருவான், பார்க்கலாம் என்று நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் ஒரு தகரக் கொட்டகை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு போர்டு. மேலே இரும்புச் சட்டத்திலிருந்து கயிற்றில் பெல்ட்டுகள் தொங்கின. "இன்னாடா, மெக்கானிக் ஷெட்டு மாரி இருக்குது" என்று கேட்டேன். "இன்னிக்கி யாரும் குதிக்க மாட்டாங்கம்மா. மேல தப்பா எதுனா ஆச்சுன்னா இன்னா பண்ணணும்னு மட்டுந்தான்" என்று சிரித்தாய். என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மேடம் சொல்லுவதையெல்லாம் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாய். உன் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காலை நேரம் எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

மேடம் கோயம்புத்தூர்க்காரர் என்பதால் எனக்காகப் பாதியைத் தமிழிலேயே சொன்னார். முதுகுப் பையில் இரண்டு பாராசூட் இருக்கும். பெரியது தினமும் திறப்பது, சின்னது அவசரத்துக்கு. பெரியது கோணலாகத் திறந்தாலோ நூல் முறுக்கிக்கொண்டாலோ முதலில் அதை உடம்பிலிருந்து கழற்றி விட்டுவிட வேண்டும். நெஞ்சின் வலது பக்கத்தில் இருக்கிற சிவப்புக் கைப்பிடியை இழுத்தால் அது அப்படியே காற்றோடு போய்விடும். அப்புறம் இடது பக்கத்துக் கைப்பிடியை இழுத்தால் சின்னது திறக்கும். பழையதை விடாமல் புதியதைத் திறந்தால் இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். நூல் முறுக்கு சின்னதாக இருந்தால் பிரித்துப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் ஒரு உயரம் உண்டு. அந்த உயரம் வந்துவிட்டால் பிரிக்கிற வேலையை நிறுத்திவிட்டு நெஞ்சுக்குக் கை போக வேண்டும். "அதுக்குக் கீழ யோசிக்கிறதுக்கு நேரம் இல்லைங்க. அதனாலதான் வருஷா வருஷம் கைக்குச் சொல்லிக் குடுக்கறோம், தலைக்கு இல்ல" என்றார். எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

ஒவ்வொருத்தராகப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு தொங்கினீர்கள். மேடம் கயிற்றைச் சுழற்றி முறுக்கிவிடுவார், இல்லாவிட்டால் கிழிந்த பாராசூட் படத்தை முகத்துக்கு நேரே காட்டுவார். காட்டிக்கொண்டே உயரத்தைக் குறைத்துக் குறைத்துக் கத்துவார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒரு பெண் சரியாக இழுத்தாள். தாடி வைத்த ஒருவர் வலது இடது மாற்றி இழுத்துத் திட்டு வாங்கினார். பிறகு நீ ஏறினாய். மேடம் உன்னைச் சுழற்றிவிட்டார். உன் இரண்டு கையும் நேராகத் தலைக்கு மேலே போயின. கயிற்றை விரித்தாய், இப்படிப் பார்த்தாய், அப்படிப் பார்த்தாய், ஒரு பக்கம் தளர்த்தி ஒரு பக்கம் இழுத்து, அவ்வளவு அழகாக முறுக்கைப் பிரித்து வெளியே வந்தாய். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மேடம் மட்டும் தட்டவில்லை. "நல்லா பிரிச்சீங்க தம்பி. ஆனா நீங்க தரைல மோதி ரொம்ப நேரமாச்சு" என்றார். நீ சிரித்தாய். நான் தட்டிக்கொண்டிருந்த கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் தடவையும் கை மேலேதான் போனது. பாதியில் ஞாபகம் வந்து நெஞ்சுக்கு இறங்கியது, அதற்குள் உயரம் முடிந்துவிட்டது. மூன்றாம் தடவை, "இப்ப பெரிசா முறுக்கப் போறேன், நேரா கைப்பிடிக்குப் போங்க" என்று மேடம் சொல்லிவிட்டுச் சுழற்றினார். சட்டென்று இழுத்தாய், சரியாக இருந்தது. மேடம் சரி என்று தலையாட்டி அடுத்த ஆளைக் கூப்பிடப் போனார். அப்போதுதான் நான் எழுந்து நின்று, "மேடம், அவனுக்குச் சொல்லாம ஒரு தபா வெச்சுப் பாருங்க. சொல்லி வெச்சா எல்லாம் செய்வான்" என்றேன். பெல்ட்டில் தொங்கிக்கொண்டே நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

டீ குடித்த பிறகு, புதிதாக வந்த ஒருவருக்குப் பெல்ட்டில் உட்காருவது எப்படி என்று காட்டச் சொல்லி மேடம் உன்னை ஏற்றினார். நீ அவரிடம் ஏதோ வேடிக்கை பேசிக்கொண்டிருந்தாய். மேடம் பின்னால் வந்து ஒரே சுழற்று சுழற்றி, "முறுக்கு" என்று கத்தினார். உன் கை மேலே போனது. மேடம் உயரத்தைக் கத்தினார், உன் பெயரைச் சொல்லிக் கத்தினார். உனக்குக் கேட்கவே இல்லை. நீ பாட்டுக்குப் பிரித்துக்கொண்டிருந்தாய். கொட்டகையில் ஒருத்தரும் கை தட்டவில்லை. மேடம் உன்னை இறக்கி, தோளில் கை வைத்து, "இப்ப வேண்டாம் தம்பி. மைதானம் திறக்கட்டும், நீங்க கீழ இருந்து தினமும் தொங்கிப் பழகுங்க. கை தானா வந்ததுன்னா நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை.

ரயிலில் நீ கேட்டாய்: "நீ யாரும்மா அதுல பேசறதுக்கு? அத்தினி பேரு முன்னால என் மானத்த வாங்கிட்டியே." நான் அங்கே பொறுமையாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். என் வாய் மார்க்கெட் வாய். "உசுரு போறதுக்கு மானம் போனா போவட்டும்" என்று பெட்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டேன். நீ எழுந்து போய்க் கதவருகில் நின்றுகொண்டாய். சென்ட்ரலில் இறங்கி, கும்மிடிப்பூண்டி ரயில் பிடித்து, பொன்னேரியில் என்னைப் பழவேற்காடு பஸ்ஸில் ஏற்றினாய். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாய். அப்புறம் மீஞ்சூரில் நண்பன் அறையில் போய்த் தங்கிவிட்டாய். வீட்டுக்கு வரவே இல்லை.

உன் கை ஏன் மேலே போகிறது என்று மேடம் யோசித்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது என்னிடம், "பயந்துபோய்த் தடுமாறுறவங்களை நிறையப் பார்த்திருக்கேங்க. இவரு பயப்படவே இல்ல, நிதானமா வேலை செய்யறாரு. அதுதான் எனக்குக் கவலையா இருக்கு" என்றார். நான் தலை குனிந்துகொண்டேன். நம் வீட்டில் நண்டு வலை கரைக்கு வந்தால் மொத்தக் குடும்பமும் சுற்றி உட்காரும். நண்டின் கால் உடையக் கூடாது, உடைந்தால் வியாபாரி ஓரமாகத் தள்ளிவிடுவான். வலையில் ஒரு கண்ணி அறுபடக் கூடாது, அறுபட்டால் உன் நைனா சோற்றைத் தொட மாட்டார். எட்டுக் காலும் இரண்டு கொடுக்குமாக அது எப்படிச் சுற்றிக்கொண்டிருந்தாலும், ஒவ்வொரு நூலாகத் தளர்த்தி முழு நண்டாக வெளியே எடுக்க வேண்டும். பிளேடு வலைப் பக்கமே வரக் கூடாது. அந்த வேலையில் நம் குப்பத்தில் உனக்கு மிஞ்சி ஆள் இல்லை. நீ குனிந்து உட்கார்ந்துவிட்டால் சோறு வைத்துவிட்டு எத்தனை தடவை கூப்பிட்டாலும் உன் காதில் விழாது. மேடம் உன் பெயரைக் கத்திக் கூப்பிட்டும் நீ திரும்பாதபோது, நம் வீட்டு வாசலில் நான் நின்று கத்துவது போலவே இருந்தது எனக்கு.

அந்தக் கைதான் உனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தரையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கைக்கு நேரம் இருக்கிறது. நண்டு எங்கேயும் போகப் போவதில்லை.

உன் சித்தப்பாவின் தோளை நினைத்துப் பார். உனக்குக் கதை தெரியும், ஆனால் நம் வீட்டில் அதைச் சொல்லுகிற விதமே வேறு. கடலிலிருந்து திரும்பி வரும்போது முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் வெளியே வலை மோட்டாரின் இறக்கையில் சுற்றிக்கொண்டது. இன்ஜின் நின்றுவிட்டது. வாடைக் காற்று, படகு அலை உடைகிற இடத்தைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. "அண்ணா, அறுத்துடு" என்று உன் சித்தப்பா கத்தினார். உன் நைனா குனிந்து ஒவ்வொரு நூலாகப் பிரித்தார். கடைசிச் சுற்று வரைக்கும் பிரித்து, வலையை முழுசாக உள்ளே இழுத்துப் போட்டார். இன்ஜினைப் போடுவதற்குள் அலை தூக்கிக் கவிழ்த்துவிட்டது. படகின் விளிம்பு உன் சித்தப்பாவின் தோளில் இறங்கியது. மற்ற படகுக்காரர்கள் இரண்டு பேரையும் வலையையும் கரை சேர்த்தார்கள். அன்றைக்கு நம் வாசலில் கூடியவர்கள் எல்லாரும் என்ன பேசினார்கள் தெரியுமா? "ஒரு கண்ணி போவல, பாத்தியா" என்றுதான் பேசினார்கள். உன் நைனா வலையை விரித்துக் காட்டினார். நானும் பக்கத்தில் நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டேன். உன் சித்தப்பா அப்போது பொன்னேரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அதன் பிறகு அவரால் வலை இழுக்க முடியவில்லை. இப்போது மீஞ்சூரில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக நிற்கிறார். சட்டை மாட்டுவதற்குக் கூட அவருக்கு இன்னொரு ஆள் வேண்டும். "மாசமானா சம்பளம், நெழல்ல வேல, அவனுக்கு இன்னா கொற" என்று நாம் பேசிக்கொள்கிறோம். அந்தக் கதையை நீ கேட்டு வளர்ந்ததெல்லாம் வலை தப்பித்த கதையாகத்தான். அதில் ஒரு ஆளுடைய தோள் போனதை நாங்கள் யாரும் சேர்த்துச் சொன்னதில்லை.

இப்போது நீ நினைத்துக்கொண்டிருப்பதற்கு வருகிறேன். உன்னை வானத்துக்குப் போகவிடாமல் தடுக்கத்தான் நான் எழுந்து பேசினேன் என்று தங்கையிடம் சொன்னாயாம். அது முழுப் பொய் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். மேடம் "இப்ப வேண்டாம்" என்று சொன்னபோது என் நெஞ்சில் ஒரு மூலையில் அப்பாடா என்று இருந்தது. இந்த சீசன் முழுக்க என் பிள்ளை தரையில் இருப்பான், போன் அடித்தால் பயப்படாமல் எடுக்கலாம் என்று தோன்றியது. ஒரு வாரம் அந்த நினைப்பில் நன்றாகத் தூங்கினேன். ஆனால் எழுந்து நின்ற அந்த நேரத்தில் நான் அதையெல்லாம் நினைக்கவில்லை. உன் கையை மட்டும்தான் பார்த்தேன். அது நெஞ்சுக்கு வந்திருந்தால் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன். எனக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, நீ அந்த வேலைக்குப் பொருத்தமானவன். மேலேயிருந்து இறங்கி வருகிற படத்தில் உன் முகத்தைப் பார்த்திருக்கிறேன், அந்த முகத்தை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. அதை விட்டுவிட்டு வா என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது அந்தப் புது இடத்தைப் பற்றித்தான். அங்கே இந்த வகுப்பெல்லாம் கிடையாது, லைசென்ஸைக் காட்டினால் அன்றைக்கே மேலே ஏற்றுவார்கள் என்று சொன்னாயாம். உனக்கு அது சௌகரியமாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. யாரும் உன் கையைப் பார்க்காத இடத்துக்குப் போகிறாய். "இழுக்கலன்னா கூட ஒரு மிஷின் இருக்குது, அதுவே சின்ன பாராசூட்ட தொறந்துடும்" என்று தங்கையிடம் விளக்கம் சொன்னாயாம். அதே கேள்வியை அன்றைக்கு அந்தத் தாடிக்காரர் கேட்டார், நீயும்தான் பக்கத்தில் இருந்தாய். பெரிய பாராசூட் பாதி திறந்து தொங்கினால் வேகம் கொஞ்சம் குறைந்திருக்கும், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அந்த மிஷின் நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடலாம், அப்படியே திறந்தாலும் மேலே இருக்கிற முறுக்கிலேயே போய் மாட்டலாம் என்று மேடம் சொன்னார். எனக்கே ஞாபகம் இருக்கிறது, உனக்கு இல்லாமல் போகுமா. உனக்குத் தெரியும் கண்ணு. தெரிந்துகொண்டே உன் கோபத்துக்கு ஒரு சாக்கு தேடுகிறாய். நானும் உன்னைப் போலத்தான், கோபம் வந்தால் எனக்கும் ஊரில் இருக்கிற நியாயமெல்லாம் என் பக்கம் வந்து நின்றுவிடும்.

உன் நைனாவிடம் முதலில் நான் எதையும் முழுசாகச் சொல்லவில்லை. வகுப்பில் வாய்விட்டுப் பேசினேன், பிள்ளை கோபித்துக்கொண்டான் என்று மட்டும் சொன்னேன். "நீ ஏன் வாய வெச்சிக்கினு சும்மா இல்ல?" என்று என் மேல்தான் பாய்ந்தார். தங்கை இந்த சனிக்கிழமை விஷயத்தைச் சொன்ன பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர், "கை எங்க போச்சு?" என்றார். நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். மறுநாள் கடலுக்குப் போய் வந்ததும் வலைக் கொட்டகையில் ஏறி, உத்தரத்தில் கயிறு கட்டினார். பழைய லைஃப் ஜாக்கெட்டில் பெல்ட்டு வைத்துத் தைத்தார். என்னிடம் கேட்டு நெஞ்சின் வலது பக்கம் ஒரு சிவப்புத் துணியைச் செருகினார். "அவன் வந்தான்னா இங்கியே பழகட்டும்" என்றார். கயிறு உன் எடையைத் தாங்குமா என்று பார்க்க அவரே மாட்டிக்கொண்டு தொங்கினார். அந்த ஆள் லுங்கியோடு கால் தொங்க ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளையாட்டாகத்தான் பின்னால் போய்ச் சுழற்றிவிட்டு, "முறுக்கு" என்று கத்தினேன்.

அவர் கை மேலே போனது. உன் கை போன அதே மாதிரி. கயிற்றை விரித்தார், இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "தரை வந்துக்கினு இருக்குதுயா, வுடு" என்று கத்தினேன். காதில் விழவில்லை. பிரித்து முடித்துவிட்டு, என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. மெல்ல இறங்கி, வலை மேல் உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து கடலிலிருந்து வந்ததும் குளிக்கிறாரோ இல்லையோ, அந்தப் பெல்ட்டில் தொங்குகிறார். "இன்னா மாமா, பிளேன் ஏறப் போறியா?" என்று கொட்டகையில் கேலி பண்ணுகிறார்கள். நான் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஓடிப்போய்ச் சுழற்றிவிடுவேன். கை மேலேதான் போகும். திட்டுவேன். மறுபடி மேலே போகும். இவ்வளவு வயதான கையைப் போய்த் திட்டுகிறோமே என்று எனக்கே அழுகையாக வரும். நேற்று காலை, அவர் யாரிடமோ டீசலைப் பற்றிப் பேசிக்கொண்டே தொங்கிக்கொண்டிருந்தபோது போய்ச் சுழற்றினேன். அவர் கை நேராக நெஞ்சுக்கு வந்தது. சிவப்புத் துணி கையோடு வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. அவர் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் தொங்கினார். "அன்னிக்கி அறுத்துப் போட்டிருக்கணும்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த நாளைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "தம்பியாண்ட போயி சொல்லணும்" என்றார்.

இன்றைக்குப் படகை இறக்கவில்லை. உன் சித்தப்பா வேலை பார்க்கிற கேட்டுக்குப் போய் அவரிடம் பேசிவிட்டு, அங்கிருந்து உன் அறைக்கு வருகிறார். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்தவர் அவர்தான். அவர் பேச மாட்டார், உனக்கே தெரியும். நீ படித்து முடிக்கிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். டீ வாங்கிக் கொடு.

எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு. அதை வேறு எப்படிச் சொல்லுவது என்று தெரியவில்லை. மேலே ஒரு நாள் அந்தத் துணி முறுக்கிக்கொள்ளும், நீ நிதானமாக, அழகாக, ஒரு நூலும் அறுபடாமல் பிரித்துக்கொண்டிருப்பாய். உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். எந்த ரயில் என்று முடிவு செய்வது நீதான், நான் ஸ்டேஷனுக்கு வந்து மறிக்க மாட்டேன். அதற்கு முன்னால் எனக்காக ஒரு காரியம் செய். உன் நைனா டீயைக் குடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும்போது, "முறுக்கு" என்று கத்து. அவர் கை எங்கே போகிறது என்று பார். அப்புறம் உன்னைப் பார்த்து அவரைக் கத்தச் சொல்.

அம்மா